தற்காப்புரிமையும் துப்பாக்கியும்

இந்தியாவில் ஒருவர் தன் உயிரைக் காக்கத் துப்பாக்கியால் சுட்டால், அந்த ஒரே செயலை இரண்டு சட்டங்கள் தனித்தனியே விசாரிக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, சுட்டது சரியா என்று கேட்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், துப்பாக்கி அந்தக் கைக்கு எப்படி வந்தது என்று கேட்கிறது. ஒரு கேள்விக்குச் சரியான பதில் இருப்பதால் மற்றொன்றிலிருந்து விடுதலை கிடைப்பதில்லை. உயிர் தப்பியவர் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து முழுமையாக விடுபட்டு, உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்ததற்காகச் சிறை செல்ல நேரலாம்.

தற்காப்புரிமை என்பது சட்டம் மனமிரங்கித் தரும் சலுகை அன்று. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-இல் வரைந்த நகலிலிருந்தே அது இந்தியக் குற்றவியல் சட்டத்தில் இடம்பெற்று வருகிறது. பழைய சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகள் இப்போது நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளாக, பெரிய மாற்றமின்றித் தொடர்கின்றன. தன் உடலை மட்டுமல்லாமல் அயலாரின் உடலையும், தன் பொருளையும் பிறர் பொருளையும் காக்கும் உரிமை இவற்றில் அடங்கும். தாக்க வருபவர் மனநிலை பிறழ்ந்தவராகவோ போதையில் இருப்பவராகவோ இருந்து, அந்தக் காரணத்தால் அவர் செய்வது குற்றமாகாது போனாலும், அவரைத் தடுக்கும் உரிமை குறைவதில்லை. இவ்வளவு தாராளமான உரிமை துப்பாக்கி ஏந்தியவருக்கு மட்டும் ஏன் இடறுகிறது என்பதற்கு விடை 37-ஆம் பிரிவில் இருக்கிறது. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு விளைவிக்க எந்த நிலையிலும் உரிமை இல்லை என்கிறது அது. கைத்தடியால் அடிப்பவர் அடியை அளந்து அடிக்கலாம். குழலை விட்டுப் புறப்பட்ட தோட்டாவை யாரும் அளக்க முடியாது. எனவே துப்பாக்கி வழக்குகளில் பெரும்பாலும், சுடத் தொடங்கியதே தேவையா என்பதுதான் முதற் கேள்வியாகிவிடுகிறது.

உயிரைப் பறிக்கும் அளவுக்கு உரிமை எப்போது நீள்கிறது என்பதை 38-ஆம் பிரிவு ஏழு சூழல்களாக வரையறுக்கிறது. மரணம் நேரும் என்ற நியாயமான அச்சமும், கொடுங்காயம் நேரும் என்ற அச்சமும் முதலிரண்டு. பாலியல் வன்கொடுமை, இயற்கைக்கு மாறான பாலியல் தாக்குதல், ஆட்கடத்தல் ஆகியவற்றின் நோக்கத்தோடு நடக்கும் தாக்குதல்கள் அடுத்தவை. அரசு அதிகாரிகளின் உதவியை நாட முடியாதபடி அடைத்துவைக்க முயல்வது ஆறாவது. ஏழாவதான அமில வீச்சு 2013-இல் சேர்க்கப்பட்டது. இவை தவிர்ந்த தாக்குதல்களில் தடுப்பவர் தீங்கு விளைவிக்கலாம். ஆனால் வேண்டுமென்றே உயிரைப் போக்கும் உரிமை இல்லை. கன்னத்தில் அறைந்தவனையோ சட்டையைப் பிடித்து உலுக்கியவனையோ சுட்டு வீழ்த்தியவருக்கு இந்தப் பிரிவில் புகலிடம் கிடையாது.

நியாயமான அச்சம் என்ற சொற்றொடரில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. அச்சம் உண்மையாக இருக்க வேண்டும். அதே நிலையில் நிற்கும் இயல்பான மனிதர் ஒருவருக்கும் அது தோன்றக்கூடியதாக இருக்க வேண்டும். தாக்குதல் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அச்சம் எழும் நொடியில் உரிமை பிறக்கிறது, அது நீங்கும் நொடியில் மறைகிறது என்பது 40-ஆம் பிரிவின் சாரம். ஆபத்தின் நடுவில் நிற்பவர் எவ்வளவு வலிமை தேவை என்று தங்கத் தராசில் நிறுக்க முடியாது என்பதையும் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. இந்தப் பரிவு உண்மையானது. ஆனால் அது ஆபத்து நிலவிய நொடிகளுக்கு மட்டுமே உரியது. அதற்கு முந்திய நிமிடத்துக்கும் பிந்திய நிமிடத்துக்கும் அந்தப் பரிவு இல்லை.

பஞ்சாப் மாநிலத்திலிருந்து வந்து, 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு இதற்கு நல்ல விளக்கம். உறவினருக்குள் நிலத்தகராறு, வயலில் 1991-இல் கைகலப்பு. எதிர்த்தரப்பில் ஒருவர் கண்டாசா எனப்படும் நீள்காம்பு வெட்டரிவாளால் தந்தையின் தலையில் தாக்க, மகன் உரிமம் பெற்ற துப்பாக்கியால் சுட்டார், தாக்கியவர் இறந்தார். விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. உயர் நீதிமன்றம் தண்டித்தது. உச்ச நீதிமன்றம் தற்காப்புரிமையின் பத்து நெறிகளைத் தொகுத்துச் சொல்லி மீண்டும் விடுவித்தது. கண் முன்னால் தந்தையின் தலை பிளக்கப்படும்போது அடுத்த வெட்டு விழும்வரை மகன் பொறுத்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை. ஆயினும் அந்த மகன் குற்றமற்றவர் என்ற முடிவான சொல்லைக் கேட்கப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. தற்காப்பில் சுட்டது சரி என்று இறுதியில் உறுதியாகும் வழக்கிலும் ஒரு மனிதர் செலுத்தும் விலை இது.

எதிர்ப்புறத்தில் நிற்பது குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கு. அதன் தீர்ப்பு 1980-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ளது. கிணறு வெட்டிய கூலி தொடர்பான தகராறில், தொழிலாளர்கள் சிலர் இரவில் உரிமையாளரின் வண்டியை வழிமறித்தனர். அவர் வண்டிக்குள்ளிருந்து ரிவால்வரால் மூன்று முறை சுட்டார், ஒருவர் இறந்தார். வழிமறித்தவர்களால் அவருக்கு உயிராபத்தோ கொடுங்காயமோ நேரும் என்று நியாயமாக அஞ்ச இடமில்லை என்றும், எச்சரிக்காமலும் தாழக் குறிவைக்காமலும் சுட்டார் என்றும் கண்ட உச்ச நீதிமன்றம், உரிமையின் எல்லை மீறப்பட்டதாகத் தீர்மானித்தது. தப்பிச் செல்லப் பாதுகாப்பான வழி இருந்ததா என்ற கேள்விக்கும் அந்தத் தீர்ப்பு எடை தந்தது. 1975-இல் வந்த வேறொரு தீர்ப்பு, தாக்கப்படுபவர் ஓடித் தப்பக் கடமைப்பட்டவர் அல்லர் என்ற தொனியில் பேசியிருக்கிறது. இவ்விரு போக்குகளும் இன்றும் ஒன்றையொன்று உரசிக்கொண்டுதான் இருக்கின்றன. பின்வாங்க வேண்டும் என்று இந்தியச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் கதவைத் தாழிட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்கு அழைத்திருக்கலாம் என்று அரசு வழக்கறிஞர் வாதிட 37-ஆம் பிரிவே வாசலைத் திறந்துவைக்கிறது. அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் தற்காப்புரிமை இல்லை என்பது அதன் வாசகம்.

ஓடுபவரைச் சுடுவது துப்பாக்கி வழக்குகளில் பலரைச் சிறைக்கு அனுப்பும் தவறு. அச்சத்துக்கான காரணம் மறைந்தாலும், தாக்க வந்தவர்கள் சிதறி ஓடினாலும் உரிமையைப் பயன்படுத்த இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1960-களின் தொடக்கத்திலேயே, வயல் தகராறில் துப்பாக்கி வெடித்த ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இங்கே பிணக்கூறாய்வு அறிக்கை மற்றச் சாட்சிகளைக் காட்டிலும் உரக்கப் பேசும். தோட்டா நுழைந்த காயம் முதுகில் இருந்தால், அவன் என்மேல் பாய்ந்தான் என்ற வாக்குமூலம் நிற்பது கடினம். காயத்தைச் சுற்றிய கரிப்படிவும் வெடிமருந்துத் துகள்களின் புள்ளிகளும் அருகிலிருந்து சுடப்பட்டதா தொலைவிலிருந்தா என்பதைத் தடயவியல் வல்லுநருக்குக் காட்டிக்கொடுக்கும். இரட்டைக்குழல் துப்பாக்கியில் ரவைகள் பரவிய அகலம் தூரத்தைச் சொல்லும். முதல் குண்டு தற்காப்பாகவும் இரண்டாவது குண்டு பழிவாங்கலாகவும் ஒரே வழக்கில் பிரித்துப் பார்க்கப்படலாம். விழுந்து கிடந்தவர்மேல் மீண்டும் சுட்டவர், முதல் குண்டுக்கு இருந்த நியாயத்தையும் கெடுத்துக்கொள்கிறார்.

பொருளைக் காக்கும் உரிமையைப் பற்றித்தான் மக்களிடையே தவறான எண்ணம் ஆழமாக ஊன்றியிருக்கிறது. தோப்பில் தேங்காய் பறிப்பவனை, மோட்டார் செட்டைக் கழற்றுபவனை, ஆட்டுப்பட்டியில் நுழைந்தவனைச் சுடலாம் என்று நம்புவோர் கிராமங்களில் இன்றும் உண்டு. வெறும் திருட்டுக்கும், வெறும் அத்துமீறலுக்கும் உயிரைப் பறிக்கும் உரிமை இல்லை. 41-ஆம் பிரிவு அந்த உரிமையைக் கொள்ளைக்கும், சூரியன் மறைந்து உதிக்கும்வரையான நேரத்தில் வீட்டை உடைத்துப் புகுவதற்கும், குடியிருக்கும் கட்டடத்துக்கோ பொருள் வைக்கும் கட்டடத்துக்கோ தீ அல்லது வெடிபொருளால் நாசம் விளைவிப்பதற்கும் தருகிறது. திருட்டும் அத்துமீறலும், தடுக்காவிட்டால் மரணமோ கொடுங்காயமோ நேரும் என்று அஞ்சத்தக்க சூழலில் நடந்தால் மட்டுமே இவற்றோடு சேரும். இரவில் வீடு உடைத்துப் புகுந்தவனுக்கு எதிரான உரிமையும் அவன் வீட்டுக்குள் இருக்கும்வரைதான். சுற்றுச்சுவரைத் தாண்டித் தெருவில் ஓடுபவனை மாடியிலிருந்து சுடுவது வேறு கணக்கில் விழும். கழுத்துச் சங்கிலியைப் பறித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் விரைபவர்களுக்கும் இதே அளவுகோல்: சங்கிலியை மீட்க விரட்டலாம், பிடிக்கலாம், கத்தியோ வேறு உயிராபத்தோ இல்லாத நிலையில் சுட முடியாது. அத்துமீறி நுழைபவனும் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே தள்ளப்பட்டவன் அல்லன் என்பதை 1960-களில் பீகாரிலிருந்து வந்த மின்வேலி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. கழிப்பறைக்கு அத்துமீறி வருபவர்களைத் தடுக்க மின்கம்பி கட்டியவர், அதில் ஒருவர் இறந்ததும் தண்டிக்கப்பட்டார். கம்பி இழுத்தால் தானே வெடிக்கும் பொறித்துப்பாக்கிக்கும் இந்தத் தர்க்கம் அப்படியே பொருந்தும். எதிரே வருவது கொள்ளையனா, வழிதவறிய பக்கத்து வீட்டுப் பிள்ளையா என்று பார்க்கக் கண்ணில்லாத ஆயுதத்துக்குத் தற்காப்பு என்ற பெயர் பொருந்தாது.

ஆளை மாற்றிப் புரிந்துகொள்ளும் ஆபத்தையும் சட்டம் முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறது. சட்டத்திலேயே உள்ள ஓர் எடுத்துக்காட்டில், தான் நுழைய உரிமையுள்ள வீட்டுக்குள் ஒருவர் இரவில் வருகிறார். வீட்டிலிருப்பவர் அவரைத் திருடன் என்று நல்லெண்ணத்தோடு கருதித் தாக்குகிறார். தாக்கியவர் குற்றம் செய்யவில்லை. ஆனால் வந்தவருக்கும் எதிர்த்துத் தாக்கும் உரிமை அப்போது முழுதாக உண்டு. ஒரே இருட்டில் இரண்டு நிரபராதிகள் ஒருவரையொருவர் கொல்லும் நிலைக்கு வரக்கூடும் என்பதைச் சட்டம் இங்கே ஒப்புக்கொள்கிறது. நல்லெண்ணம் என்பதற்கும் சட்டத்தில் தனிப் பொருள் உண்டு: உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்தோடு செய்ததாகாது. யார் அது என்று குரல்கூடக் கொடுக்காமல், விளக்கைப் போடாமல், சத்தம் வந்த திசையில் சுட்டவருக்கு இந்த வரையறை பெரிய தடை. சீருடையின்றி வந்த காவலர்களைப் பற்றியும் விதி உண்டு. வந்தவர் அரசு ஊழியர் என்று தெரியாமலும், அப்படி நம்பக் காரணம் இல்லாமலும் இருந்தவரின் தற்காப்புரிமை பறிபோவதில்லை. தெரிந்த பிறகு, மரணமோ கொடுங்காயமோ நேரும் அச்சம் இல்லாதபோது, அவர்களை எதிர்க்க உரிமை இல்லை.

கூட்டத்தை நோக்கிச் சுட நேர்ந்தால் என்ன என்பதற்கு 44-ஆம் பிரிவு விடை தருகிறது. கொல்ல வரும் கும்பலுக்கு நடுவே குழந்தைகளும் கலந்திருக்க, சுடுவதைத் தவிர வேறு வழி இல்லாதபோது ஒரு குழந்தை காயமுற்றாலும் சுட்டவர் குற்றவாளி ஆகார். இந்தப் பாதுகாப்பு உயிருக்கே ஆபத்தான தாக்குதலுக்கு மட்டும் உரியது. தெருச்சண்டையில் ஒருவரைக் குறிவைத்து வழிப்போக்கர்மேல் பட்டால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. எச்சரிக்கையாக வானத்தை நோக்கிச் சுடுவதும் ஆபத்தில்லாத செயல் அன்று. உண்மையான தாக்குதலின்போது அப்படிச் செய்தது சுட்டவரின் நிதானத்துக்குச் சான்றாக நிற்கும். தகராறை அடக்க, கெத்துக் காட்ட வெடித்தால் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்ததாகவும் குற்றமுறு மிரட்டலாகவும் வழக்கு வரும். திருமணத்திலும் விழாவிலும் கண்மூடித்தனமாகச் சுடுவதற்கு ஆயுதச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதித்திருக்கிறது.

எல்லை மீறியவருக்கு என்ன தண்டனை? ஆபத்து உண்மையாக இருந்து, முன்கூட்டித் திட்டமிடாமல், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணமின்றி, நல்லெண்ணத்தோடு அளவு கடந்தவரைச் சட்டம் கொலையாளி என்று கருதுவதில்லை. 101-ஆம் பிரிவின் இரண்டாம் விதிவிலக்கு அவர் செயலைக் கொலையாகாத மரணம் விளைத்தலாகக் குறைக்கிறது. ஆனால் குறைந்தது என்று சொல்லப்படும் அந்தத் தண்டனையே கடுமையானது. கொல்லும் எண்ணம் இருந்ததாகக் கண்டால் 105-ஆம் பிரிவின்கீழ் ஆயுள் சிறை, அல்லது ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறை. குறைந்தபட்சம் ஐந்து ஆண்டு என்பது பழைய தண்டனைச் சட்டத்தில் இல்லாதது. நியாய சன்ஹிதா புதிதாகச் சேர்த்தது. தற்காப்பில் சற்றே வழுவியவருக்கும் நீதிபதி மனமிரங்கிக் குறைக்க முடியாதபடி செய்யும் இந்த மாற்றம் அதிகம் பேசப்படாதது, பேசப்பட வேண்டியது. தற்காப்பே இல்லை என்று முடிவானால் கொலைக்கு 103-ஆம் பிரிவு: ஆயுள் அல்லது தூக்கு. சுடப்பட்டவர் பிழைத்துக்கொண்டாலும் கொலை முயற்சி வழக்கு உண்டு. காயம் ஏற்பட்டிருந்தால் அதுவும் ஆயுள் சிறை வரை செல்லும்.

மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருக்கு என்பதில்தான் திரைப்படமும் நீதிமன்றமும் பிரிகின்றன. குற்றத்தை ஐயமற மெய்ப்பிக்க வேண்டியது அரசுத் தரப்பு. ஆனால் தன் செயல் விதிவிலக்குக்குள் அடங்கும் என்று காட்ட வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 108-ஆம் பிரிவு இப்படித்தான் சொல்கிறது. அவர் ஐயமற மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நிகழ்ந்திருக்கக்கூடியது இதுவே என்று நம்பத்தக்க அளவில் காட்டினால் போதும். தானே சாட்சிக் கூண்டில் ஏற வேண்டிய கட்டாயமும் இல்லை. அரசுத் தரப்பு சாட்சிகளின் குறுக்கு விசாரணையிலிருந்தே தற்காப்பு வெளிப்பட்டால் நீதிமன்றம் அதை ஏற்கலாம் என்பது 1968 முதல் உறுதியான நிலை. சுட்டவரின் உடலில் இருந்த வெட்டுக்கும் அடிக்கும் அரசுத் தரப்பு விளக்கம் தரத் தவறினால் அதுவும் அவருக்குத் துணை நிற்கும். ஆகவே தாக்குதலுக்கு உள்ளானவர் உடனே மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டில் காயங்களைப் பதிவுசெய்வது, பின்னாளில் வழக்கறிஞர் பேசும் நூறு சொற்களைவிட மதிப்புடையது.

சம்பவத்துக்குப் பின் நடப்பவை ஓர் ஒழுங்கில் வருகின்றன. முதல் தகவல் அறிக்கை பெரும்பாலும் கொலைப் பிரிவிலேயே பதிவாகும். தற்காப்பா இல்லையா என்பதை நிலைய ஆய்வாளர் தீர்ப்பதில்லை. துப்பாக்கி, வெற்றுத் தோட்டாக்கள், உரிமப் புத்தகம் எல்லாம் சாட்சிகள் முன்னிலையில் மகஜர் எழுதிக் கைப்பற்றப்படும். ஆயுதம் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். ஜாமீனில் விட முடியாத குற்றம் என்பதால், செஷன்ஸ் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ ஜாமீன் தரும்வரை சிறைதான். இந்தக் கட்டத்தில் பதற்றத்தில் செய்யும் காரியங்கள் நல்ல வழக்கையும் கெடுத்துவிடுகின்றன. வெற்றுத் தோட்டாவைப் பொறுக்கி எறிவது, உடலை நகர்த்துவது, ரத்தத்தைக் கழுவுவது, இறந்தவர் கையில் அரிவாளைத் திணிப்பது ஆகியவை சாட்சியத்தை மறைத்த தனிக் குற்றம் என்பதோடு, குற்ற மனம் இருந்ததற்கான அடையாளமாகவும் வாசிக்கப்படும். காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்ற பாதுகாப்பு உண்டு. சுட்டவர் தாமே முன்வந்து தகவல் சொல்வதும், விரிவான விளக்கத்தை வழக்கறிஞரின் துணையோடு தருவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

ஆயுதச் சட்டத்தின் கதை இன்னும் நேரடியானது. துப்பாக்கி வைத்துக்கொள்வது இந்தியாவில் அடிப்படை உரிமை அன்று. 2023 பிப்ரவரியில் உரிமமில்லா ஆயுதங்கள் குறித்துத் தானே முன்வந்து விசாரித்த உச்ச நீதிமன்றம், அமெரிக்க அரசியலமைப்பைப் போல இங்கே அப்படியோர் உரிமை இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம் 2005-இல் இயற்றிய சட்டம், பின்வாங்காமல் எதிர்த்துச் சுட்டவருக்கு வழக்கிலிருந்தே விலக்கு அளிக்கிறது. இணையத்திலும் படங்களிலும் பரவும் அந்த எண்ணத்தை இங்கே நம்பிச் செயல்படுபவர் வழக்கின் முதல் நாளிலேயே அது செல்லாது என்று அறிவார். குடகு மக்களுக்கும் அங்கே ஜம்மா எனப்படும் மரபுவழி நிலம் வைத்திருப்போருக்கும் உள்ள உரிம விலக்கு, மரபையொட்டிய அரிய விதிவிலக்கு.

உரிமத்தை மாவட்டங்களில் ஆட்சியரும், ஆணையரகம் உள்ள நகரங்களில் காவல் ஆணையரும் தருகின்றனர். உயிருக்கு அச்சுறுத்தல் இருப்பதைக் காட்ட வேண்டும்; காவல் துறையின் விசாரணை அறிக்கை வேண்டும்; 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சியும் வேண்டும். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை 2019 திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, உரிமக் காலத்தை ஐந்து ஆண்டாக நீட்டியது. உரிமமின்றி வைத்திருப்பதற்கான தண்டனையும் அப்போது குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு என உயர்ந்தது. உரிமம் ஆளுக்கே உரியது. கணவர் பெயரிலுள்ள ரிவால்வரை அவர் இல்லாதபோது மனைவி எடுத்துச் சுட்டாலும், அப்பாவின் துப்பாக்கியை மகன் எடுத்தாலும், உயிரைக் காத்தது சரியென்று ஏற்கப்பட்ட பிறகும் ஆயுதச் சட்டத்தின் கேள்வி தனியே நிற்கும். தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு வருவது வழக்கம். ஒப்படைக்காமல் வைத்திருந்து சுட்டால் உரிம நிபந்தனையை மீறிய குற்றமும் சேரும்.

தமிழகத்தின் மலையடிவாரக் கிராமங்களில் இந்த இரட்டைச் சட்டம் காட்டு விலங்குகள் விஷயத்திலும் மக்களைச் சிக்கவைக்கிறது. தாக்க வரும் விலங்கை உயிர் காக்கும் நல்லெண்ணத்தோடு கொல்வது குற்றமன்று என்கிறது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு. ஆனால் அந்தச் சட்டத்தையோ அதன் விதியையோ மீறும் செயலில் ஈடுபட்டிருந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கொல்லப்பட்ட விலங்கும் அரசின் சொத்து. உரிமமில்லா நாட்டுத் துப்பாக்கியோடு காப்புக்காட்டுக்குள் வேட்டைக்குப் போனவர், யானை துரத்தியதால் சுட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. தன் தோட்டத்தில் நின்று சுட்டவருக்கு வனவிலங்குச் சட்டம் வழிவிட்டாலும், கள்ளத்துப்பாக்கிக்கான வழக்கு காத்திருக்கும்.

குற்ற வழக்கில் விடுதலை கிடைத்த பின்னும் இரண்டு காரியங்கள் மிஞ்சுகின்றன. இறந்தவரின் மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காக 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டத்தின்கீழ் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்குத் தொடர முடியும். அதற்கான காலவரம்பு இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு என்பதால், பெரும்பாலும் குற்ற வழக்கு முடியும் முன்பே அது தாக்கலாகியிருக்கும். அங்கும் தற்காப்பு எதிர்வாதமாக நிற்கும். ஆனால் குற்றவியல் நீதிமன்றத்தின் விடுதலைத் தீர்ப்பு உரிமையியல் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. மற்றது உரிமம். ஆயுதச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்கீழ் பொது அமைதியையும் பாதுகாப்பையும் காரணம் காட்டி உரிமத்தை நிறுத்திவைக்கவும் திரும்பப் பெறவும் உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. விடுதலைத் தீர்ப்பு வந்ததும் உரிமமும் துப்பாக்கியும் தாமாகத் திரும்பி வருவதில்லை. அவற்றைத் திரும்பக் கேட்டுத் தனியே மனுச் செய்ய வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு செய்ய வேண்டும்.